சாளைக்கு அதன் நெய்யே போதும்

மேசையில் வைத்துச் சமைக்கிற மின்சாரக் கிரில் எங்கள் வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மீன் வருகிற நாளெல்லாம் அதற்கு வேலை இருக்கும். பலர் அதை எண்ணெய் இல்லாமல் சமைக்கிற கருவி என்று நினைத்து வாங்குகிறார்கள். புழங்கிப் பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. மீனுக்குள் ஏற்கெனவே இருக்கிற நெய்யிலேயே, அதாவது கொழுப்பிலேயே, மீனை வேகவைக்கிற கருவி அது. இப்படிப் புரிந்துகொண்டால் எந்த மீனை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, மசாலாவை எப்படிக் கூட்டுவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபடும். புரியாமல் வாங்கினால் காய்ந்த மீனைத் தின்றுவிட்டு, ஒரு மாதத்தில் அதை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுவோம். எங்கள் தெருவிலேயே அப்படிப் பரணுக்குப் போன கிரில்கள் உண்டு. அந்த வீட்டுக்காரர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மதியச் சோற்றுக்கு மீன்கறியும், பக்கத்தில் ஒரு துண்டாவது பொரித்த மீனும் இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். மாமிக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வீட்டுக்காரருக்குக் கொழுப்பு கூடுதல். "மீனை நிறுத்த வேண்டாம், பொரிக்கிறதை நிறுத்துங்க. பொரிச்ச எண்ணெயைத் திரும்பச் சூடாக்கவே கூடாது" என்று டாக்டர் சொன்னார். இரண்டாவது சொன்னதுதான் எங்களை யோசிக்க வைத்தது. மீன் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் வடித்து வைத்து மறுநாளும் பொரிப்பது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? ஆனால் திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய் கெட்டுக்கொண்டே போகும். ஓட்டல்களில் பொரிக்கிற எண்ணெயில் போலார் சேர்மங்கள் எனப்படும் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டு, அது 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுச் சட்டியில் அதை அளந்து பார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. சாளையையோ (மத்தி) அயிலையையோ (கானாங்கெளுத்தி) எண்ணெயில் மூழ்கப் பொரிக்கும்போது மீனின் நெய் எண்ணெய்க்குள் இறங்குகிறது, எண்ணெய் மீனுக்குள் ஏறுகிறது. இதயத்துக்கு நல்லது என்று நாம் சாளை வாங்குவதே அதில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்புக்காக. அதில் ஒரு பங்கைச் சட்டியில் விட்டுவிட்டு, கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பான தேங்காய் எண்ணெயை மீனோடு சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். தேங்காய் எண்ணெய் எனக்குப் பிடிக்காத பொருள் இல்லை. அவியலில் கடைசியாக ஊற்றுகிற ஒரு ஸ்பூன் பச்சை எண்ணெயை விட எனக்கு மனசு வராது. அந்த ஒரு ஸ்பூனுக்கு இடம் விடத்தான் மற்ற இடங்களில் குறைக்கிறேன்.

சரி, எதை வாங்குவது? கடைகளில் கிரில் என்ற பெயரில் மூன்று வகை கிடைக்கும். ரொட்டி சுடும் சாண்ட்விச் மேக்கரில் வரித்தட்டு போட்டது ஒன்று. பெரும்பாலும் 700 முதல் 1000 வாட் வரை இருக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்காது. சாளை நாலைந்து வைக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது வகையில் மேலே திறந்த கம்பி வலையும் அதன் கீழே சூடாகும் கம்பியும் தண்ணீர்த் தட்டும் இருக்கும். ருசி நன்றாக வரும், ஆனால் வீடெல்லாம் புகையும் மீன் வாடையும் நிறையும். மாடியில் வைத்துச் சமைப்பவர்களுக்கு அது சரி. மூன்றாவது, மேலும் கீழும் இரண்டு கனத்த தட்டுகள் வைத்து மூடி அழுத்துகிற வகை. எங்களிடம் இருப்பது இதுதான், இதற்குத்தான் என் ஓட்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். மீனைத் திருப்பிப்போட வேண்டியதில்லை, அதனால் உடையாது.

வாங்கும்போது நான்கு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா, தட்டுகளைக் கழற்ற முடியுமா, மேல்தட்டு மீனின் தடிமனுக்கு ஏற்ப உயர்ந்து சமமாக உட்காருமா, வடிகிற நெய்க்குத் தனித் தட்டு உண்டா. பின்பக்கக் காலை உயர்த்தித் தாழ்த்தும் வசதியும் இருந்தால் விடாதீர்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிக் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டு தட்டுக் கிரில்கள் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். சின்னப் பிளக்கின் அளவு 6 ஆம்பியர்தான், அதில் ஏறக்குறைய 1380 வாட்டுக்கு மேல் தாங்காது. அயர்ன்பாக்ஸ் போடுகிற பிளக்கில் மாற்றுப் பின்னை வைத்துக் கிரில்லைச் செருகுவது ஆபத்து. பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் பவர் பிளக் சமையலறையில் இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், கிரில்லை அப்புறம் வாங்கலாம்.

வோல்ட்டேஜ் இன்னொரு சங்கதி. மாலை நேரத்தில் எங்கள் பக்கம் வோல்ட்டேஜ் இறங்கும். சூடாக்குகிற கருவிகளில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் சூடு நிறைய இறங்கும். 230 வோல்ட்டில் 1800 வாட் தருகிற கிரில், 180 வோல்ட்டில் 1100 வாட் அளவுக்குத்தான் தரும். அந்த நேரத்தில் மீன் வறுபடாது, அவிந்து தண்ணீர் விடும். பெட்டியோடு வரும் சமையல் குறிப்பில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கு அப்போது உதவாது. அதனால் நான் கிரில் வேலையைக் காலை பதினொரு மணி வாக்கில் முடித்துக்கொள்வேன். செலவு என்று பார்த்தால், 1800 வாட் கிரில் இருபது நிமிடம் விடாமல் ஓடினாலும் 0.6 யூனிட்தான். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

இனி மீன்.

கிரில்லுக்கென்றே பிறந்தது சாளையும் அயிலையும்தான். இரண்டும் நெய் உள்ள மீன்கள், விலையும் நம் கைக்குள் நிற்கும். எங்களுக்கு மீன் கொண்டு வரும் அக்கா குளச்சலில் ஏலம் எடுத்து வருகிறவர். "பிள்ளே, இன்னைக்கு சாளை நல்ல நெய்யாக்கும், எண்ணெ ஊத்தாத" என்று அவரே சொல்லிவிடுவார். சாளையின் நெய் வருடம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மெலிந்த சாளை வருகிற காலத்தில் அதைக் குழம்புக்கு விட்டுவிடுவேன். கொழுத்த சாளையை வயிற்றைத் தொட்டாலே தெரியும். உருண்டு, விரலுக்கு வழவழப்பாக இருக்கும். அந்த நாளில் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம்.

சூரை (டூனா) நம் மாவட்டத்துக்குக் குறைவில்லை. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போய்ப் பிடித்து வருகிற மீன். ஆனால் சூரையில் கொழுப்பு குறைவு. கிரில்லில் ஒரு நிமிடம் கூடிவிட்டால் துணியைச் சவைப்பது போல ஆகிவிடும். சூரை, பாறை, நெய்மீன் (வஞ்சிரம்) வைக்கும்போது துண்டு ஒரு விரல் கனம் இருக்கட்டும், மேலே அரை ஸ்பூன் எண்ணெய் தடவுங்கள், நடுவில் லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தட்டில் இருக்கும்போதும் அது கொஞ்சம் வேகும். நெய்மீன் என்று பெயர் இருந்தாலும் கொழுத்த சாளையின் நெய் அதில் கிடையாது. அப்புறம், சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் மாதிரி மற்ற மீன்களைத் தின்று வளரும் பெருமீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் அடிக்கடி சமைக்கச் சாளையும் அயிலையும்தான் நல்லது.

நெத்திலி, காரல் போன்ற பொடி மீன்களை வெறும் தட்டில் வைக்காதீர்கள். வரிகளுக்கு இடையில் ஒட்டி நொறுங்கும். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். கணவாயும் றாலும் அருமையாக வரும், ஆனால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், தாண்டினால் ரப்பர்தான்.

ஐஸில் கிடந்த மீனா, கரை மீனா என்பது கிரில்லில் மூடியைத் திறந்த உடனே தெரிந்துவிடும். நாள்பட்ட ஐஸ் மீன் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், மேல் பக்கம் மொறுமொறுப்பு ஏறவே ஏறாது. குழம்பில் மறைந்து போகிற குறை இங்கே மறையாது. நம் மாவட்டத்தில் இரண்டு கரை இருப்பதால் ஒரு வசதி உண்டு. கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் அடைத்திருக்கும்போது மறுபக்கம் திறந்திருக்கும், ஜூன் முதல் இரண்டு வாரம் தவிர. அந்த நாட்களிலும் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் கொண்டு வரும் மீன் உண்டு. அளவு குறைவு, விலை கூடுதல், ஆனால் காலையில் பிடித்தது மதியம் நம் வீட்டில் இருக்கும். எனக்கு அந்த மீன்தான் கிரில்லில் ரொம்பப் பிடித்தது.

மசாலா விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பொரிக்கிற மசாலா வேறு, கிரில் மசாலா வேறு. சட்டியில் எண்ணெய் மசாலாவைச் சூழ்ந்து நிற்பதால் அது ஒரே சீராகப் பொரியும். கிரில்லில் சூடான தட்டு மசாலாவை நேரே தொடுகிறது. தொட்ட இடம் கரியும், தொடாத இடம் பச்சையாக நிற்கும். தேங்காய் அரைத்த மசாலா இரண்டே நிமிடத்தில் கறுத்துவிடும். முழுக் கறிவேப்பிலையும் அப்படியே. தண்ணீர் விட்டுக் கரைத்த மசாலா ஆவியாகி மீனை அவித்துவிடும். அதனால் நான் செய்வது இது.

அரைக் கிலோ சாளைக்கு மிளகாய் வத்தல் பொடி இரண்டு ஸ்பூன், நல்லமிளகு (குருமிளகு) ஒரு ஸ்பூன், மஞ்சள் அரை ஸ்பூன், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஆறு, பூண்டு ஐந்து பல், விரல் நுனி அளவு இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, உப்பு அரை ஸ்பூன். எல்லாவற்றையும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எலுமிச்சைச் சாறு மட்டும் விட்டு அம்மியிலோ மிக்சியிலோ கெட்டியாக அரைக்க வேண்டும். கறிவேப்பிலை அரைபட்டுவிட்டால் கரியாது, மணமும் நிற்கும். மீனைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு மசாலாவை மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அப்பிவைப்பது பொரிக்கிற மீனுக்குத்தான். இருபது நிமிடம் ஊறினால் போதும். எலுமிச்சை சேர்ந்த மசாலாவில் மணிக்கணக்கில் வைத்தால் மீனின் சதை வெளுத்துக் கொளகொளவென்று ஆகி, மூடியைத் திறக்கும்போது மேல்தட்டோடு தோல் உரிந்து வரும்.

எண்ணெய் தேவைப்பட்டால் மீனில் தடவுங்கள், தட்டில் ஊற்றாதீர்கள். செக்குத் தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும். கிரில் தட்டு அதைத் தாண்டிப் போகும். ஈரத்தோடு இருக்கிற மீன் மேல் உள்ள எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் புகையாது. ஸ்பிரே போல அடிக்கிற எண்ணெய் டப்பாக்களும் வேண்டாம். நான்ஸ்டிக் தட்டில் அது பிசின் மாதிரி படிந்துகொள்ளும், பிறகு போகாது.

தட்டு நன்றாகச் சூடான பிறகுதான் மீனை வைக்க வேண்டும். விளக்கு அணைந்து சூடு வந்துவிட்டது என்று காட்டினாலும் நான் இன்னும் இரண்டு நிமிடம் பொறுப்பேன். குளிர்ந்த தட்டில் வைத்தால் எந்த மீனும் ஒட்டும். சாளைக்கு ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். அயிலையை இரு பக்கமும் நடு எலும்பு வரைக்கும் மூன்று கீறல் போட்டு எட்டிலிருந்து பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடத்துக்கு மூடியைத் திறக்காதீர்கள். மேல் வறுபட்டதும் மீன் தானாகத் தட்டை விடும், அதுவரை இழுத்தால் பிய்யும்.

பின்பக்கக் காலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கிரில் தட்டுகள் முன்பக்கம் சாய்ந்திருக்கும். வடிகிற கொழுப்பு கீழே உள்ள தட்டில் விழும். இவ்வளவு கொழுப்பு வெளியே வந்துவிட்டது என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். கோழித்தோலின் கொழுப்பு வடிந்தால் சந்தோஷம்தான். ஆனால் சாளையிலிருந்து வடிவது, காசு கொடுத்து மாத்திரையில் வாங்கி விழுங்குகிற அதே மீன் எண்ணெய். அது ஏன் வடிய வேண்டும்? அதனால் மீன் வைக்கும்போது பின்காலைத் தாழ்த்திக் கிரில்லைச் சமமாக வைப்பேன். மேல்தட்டைக் கையால் அமுக்க மாட்டேன், அதன் எடையே போதும். வெந்தவுடன் எடுத்துவிடுவேன். கோழிக்குச் சாய்த்து வைப்பேன்.

பொடி மீனுக்கு வாழையிலை. நம் வீட்டுப் பின்புறத்தில் இல்லாத பொருளா? இலையைத் தணலில் லேசாக வாட்டி, கழுவிய நெத்திலியோடு துருவிய தேங்காய், நறுக்கிய உள்ளி, பச்சைமிளகாய், மஞ்சள், கொஞ்சம் மாங்காய்த் துருவல், உப்பு பிசைந்து, தட்டையாகப் பொதிந்து கிரில்லில் வைத்து மூடினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய் கரியாது, இலைதான் கரியும். எண்ணெய் வேண்டாம், தட்டும் அழுக்காவதில்லை. நெத்திலியின் முள்ளும் மெத்தென்று ஆகிவிடுவதால் அப்படியே தின்னலாம், சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது. முதல் தடவை இதைச் செய்த அன்றைக்கு மாமி பொதியைப் பிரித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். "மக்களே, எங்க அம்மை அடுப்புச் சாம்பலுக்குள்ள இலையப் பொதிஞ்சு வச்சு எடுத்துத் தருவா. அந்த மணம் இதுல இருக்கு" என்றார். பொரித்த மீனை விடச் சொன்னபோது முகம் தூக்கியவர் மனம் மாறியது கிரில் சாளையால் இல்லை, இந்த இலை நெத்திலியால்தான். வீட்டில் வயதானவர்களை மாற்ற வேண்டுமென்றால் அவர்களுக்குப் பழகின மணத்திலிருந்து தொடங்குங்கள்.

கோழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்புத் துண்டு இரண்டு தட்டுக் கிரில்லுக்குச் சரிவராது. எலும்பு மேல்தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், எலும்பை ஒட்டிய கறி வேகாது. எலும்பில்லாத தொடைக்கறியை ஒரே கனத்தில் தட்டி, தோல் நீக்கி வையுங்கள். நல்லமிளகும் ஒரே ஒரு கிராம்பும் அரைத்துப் போட்டால் வேறு கரம்மசாலா தேவையில்லை. நம் மலைப்பக்கத்துக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, மணம் அவ்வளவு. எட்டிலிருந்து பத்து நிமிடம். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். குத்திப் பார்க்கிற சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததைத் திரும்ப வைக்காதீர்கள்.

மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) ஒரு எச்சரிக்கை. கிழங்கைப் பச்சையாகச் சீவிக் கிரில்லில் சுட்டுச் சாப்பிடக் கூடாது. மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் நம் வீடுகளில் தோலைச் சுத்தமாக உரித்து, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். கிரில்லின் உலர்ந்த சூட்டில் அந்த வேலை நடக்காது. வெந்த கிழங்கைத் துண்டாக்கி, மஞ்சளும் நல்லமிளகும் தூவி ஐந்து நிமிடம் வைத்தால் மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு ஏறும். சாயங்காலக் காப்பிக்கு மரச்சீனி பொரித்ததுக்குப் பதிலாக இது போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டு துண்டு. எண்ணெய் குறைந்தால் மாவுச்சத்து குறைந்துவிடாது. சேனையும் அப்படித்தான், புளித்தண்ணீரில் பாதி வேகவைத்துவிட்டே கிரில்லில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.

வழுதலங்காய் (கத்தரிக்காய்), வெண்டைக்காய், சீமைப்பலா மூன்றையும் நேரடியாக வைக்கலாம். வழுதலங்காய் பொரித்தால் குடிக்கிற எண்ணெய்க்கு அளவே கிடையாது, கிரில்லில் அதற்கு ஒரு ஸ்பூன் போதும். வட்டமாக நறுக்கி உப்பும் மஞ்சளும் தடவிப் பத்து நிமிடம் வைத்து, விடுகிற தண்ணீரை ஒற்றிவிட்டு அடுக்குங்கள். ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) நீளவாக்கில் பிளந்து வைத்தால் பழத்தின் இனிப்பே மேலே பாகாகி நிற்கும். பிள்ளைகள் பழம்பொரி கேட்கிற நாட்களில் இதைக் கொடுத்துப் பாருங்கள். சற்றே செங்காயாக இருக்க வேண்டும். மட்டிப்பழம் நம் ஊரின் பெருமை, ஆனால் மெல்லிய பழம், கிரில்லில் கூழாகிவிடும். அதை அப்படியே உரித்துத் தின்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் குறையும்போது நாக்கு உப்பைத் தேடும், அதனால் கை தானாகக் கூட்டிப் போடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்கும் குறைவாக உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, குழம்பு, துவரன், ஊறுகாய் எல்லாம் சேர்த்து. மசாலாவில் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டில் வைத்த பிறகு சூட்டோடு எலுமிச்சை பிழிந்து, பொடியாக நறுக்கிய உள்ளியைத் தூவினால் உப்பு குறைந்தது தெரியாது. மாமிக்கு இப்படித்தான் கொடுக்கிறேன். கருவாடு கிரில்லில் அபாரமாகச் சுடும் என்பது உண்மை. ஆனால் பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் "எண்ணெயே இல்லையே" என்று கருவாட்டைச் சுட்டுத் தின்பதில் நன்மை ஒன்றும் இல்லை. எண்ணெயில் தப்பித்து உப்பில் மாட்டிக்கொள்வோம்.

கரிந்ததையும் தின்ன வேண்டாம். கறுத்த வரி அழகாக இருக்கும், படத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் இறைச்சியும் மீனும் கருகும்போது உண்டாகும் சில பொருட்கள் உடம்புக்கு நல்லவை அல்ல. பொன்னிறம் போதும். கரித்தணல் மேல் கொழுப்பு சொட்டி எழும்பும் புகை மின்சாரக் கிரில்லில் குறைவு, அந்த வகையில் இது மேல். ஆனால் கருகவிட்டால் அந்த நன்மையும் போயிற்று. இன்னொன்று, நான்ஸ்டிக் தட்டை வெறுமனே சூடாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை பறவைகளுக்கு உயிருக்கே ஆபத்து. கூண்டில் லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் கிரில்லை அந்த அறையில் வைக்கவே வேண்டாம்.

கழுவுவதைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்து மூடிவிடுங்கள். சாப்பிட்டு முடித்து வரும்போது எல்லாம் ஊறியிருக்கும், துடைத்தாலே வந்துவிடும். தேங்காய் நாரும் இரும்பு நாரும் கிட்டவே வரக் கூடாது. மீன் வாடை போகப் பிழிந்த எலுமிச்சைத் தோலால் தேய்க்கலாம். வடிதட்டை அன்றன்றைக்கே கழுவ வேண்டும், ஒரு இரவு விட்டால் எறும்பும் கரப்பான் பாச்சாவும் வந்துவிடும். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்றில் கீலும் திருகும் துருப்பிடிக்கும். குளச்சலில் இருக்கும் என் நாத்தனார் துடைத்து உலர்த்தித் துணியுறை போட்டு அலமாரிக்குள்தான் வைப்பாள், அவளுடையது இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது.

மாமியின் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அதற்குக் கிரில்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை இருக்கிறது, காலை நடை இருக்கிறது, சோற்றின் அளவைக் குறைத்திருக்கிறார். ஆனால் மாதத்துக்கு வாங்குகிற எண்ணெய் எங்கள் வீட்டில் நன்றாகவே குறைந்துவிட்டது, வடித்து வைக்கிற எண்ணெய்க் கிண்ணம் இப்போது கிடையாது.

இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு, வாரத்தில் ஒரு நாள் மீன் என்றால் கிரில் வாங்காமலே இதைச் செய்யலாம். பழகிய இரும்புத் தோசைக்கல் போதும். அடுப்பை நடுத்தரமாக வைத்துக் கல்லைக் காயவிட்டு, வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் ஈரம் ஒற்றி மசாலா தேய்த்த சாளையை அடுக்கி, மேலே இன்னொரு இலை போட்டுக் கனமான மூடியால் மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் இலையோடு சேர்த்துத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஐந்து நிமிடம். கடைசி ஒரு நிமிடம் இலையை உருவிவிட்டுக் கல்லிலேயே விட்டால் தோல் மொறுமொறுவென்று வரும்.